பாதுகாக்கப்பட்ட குழி எண் பதினேழு

டமார்!

மொன்தெகார்தோ ஊராட்சி மன்றத்தின் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. மனித நாகரிகம் அடுத்த படியில் கால் வைத்த ஓசை அது. சக்கரத்தைக் கண்டுபிடித்த அன்றுகூட இவ்வளவு சத்தம் கேட்டிருக்காது. ஆனால் மன்றத்தில் இருந்த யாருக்கும் அப்போது இது தெரியவில்லை. சீசன் தொடங்கும் முன்பே யாரோ காட்டுப்பன்றி சுடக் கிளம்பிவிட்டார்கள் என்று நினைத்து, உறுப்பினர்கள் நான்கு பேரும் மேஜைக்கு அடியில் குனிந்தார்கள்.

மேயர் அத்தீலியோ மட்டும் குனியவில்லை. அவருடைய வயிறு அதற்கு இடம் கொடுக்காது. தவிர, அவர் கையில் பேனா இருந்தது. பேனாவுக்குக் கீழே ஒரு தீர்மானம் இருந்தது. குன்றுப்பாதைக்குத் தார் போட வேண்டும் என்ற தீர்மானம்.

குன்றுப்பாதை ஆறு கிலோமீட்டர் நீளம். மேலே திராட்சைத் தோட்டங்களில் தொடங்கி, கீழே நெடுஞ்சாலை ஓரமுள்ள கூட்டுறவு ஒயின் ஆலையில் முடியும். நடுவில் இருப்பவை வெள்ளைச் சரளையும் குழிகளும். தார் கேட்டு இருபத்திரண்டு வருடங்களாக மனு கொடுத்துவந்தவர் நெல்லா. விதவை, ஐம்பத்தெட்டு வயது, குன்றின் தெற்குச் சரிவில் நான்கு ஏக்கர் கறுப்புத் திராட்சை. மேயர் கையெழுத்துப் போடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று, அன்று பார்வையாளர் பெஞ்சில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவரோரம் சாலை வரைபடத்தை விரித்துப் பிடித்தபடி நின்றவர் அவருடைய தம்பி டுயிலியோ, ஊராட்சியின் ஒரே சாலைப் பணியாளர்.

கதவு திறந்தது. தலை முதல் கால் வரை வெள்ளைப் புழுதி பூசிய ஓர் உருவம், தோளில் சைக்கிளோடு உள்ளே வந்தது. சைக்கிளின் முன்டயர் வெடித்துத் தொங்கியது. முழங்காலில் ரத்தம்.

"இந்த ரோட்டுக்கு யாரு பொறுப்பு?" என்று கேட்டது உருவம்.

மேயர் பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். பொறுப்பு என்ற சொல்லைக் கேட்டால் எப்போதும் செய்வதைச் செய்தார். "போன மேயர்தான் சார். அவரு செத்து ஆறு வருஷம் ஆச்சு. நாங்க இப்பத்தான் வந்து, பாருங்க, இந்த நிமிஷத்துல தார் போடறதுக்கு..."

"தாரா!"

சைக்கிள் கீழே விழுந்தது.

"தாரா? இந்த ரோட்டுக்கா? ஏங்க, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா? உலகம் பூரா நாங்க எதைத் தேடி அலையறோமோ அதை வீட்டு வாசல்ல வெச்சுக்கிட்டு, அது மேல தாரைக் கொட்டப் போறீங்களா? இது ரோடு இல்லீங்க. ஒவ்வொரு கல்லும் என்கிட்ட பேசுச்சு!"

"விழுடான்னு சொல்லியிருக்கும்" என்றார் நெல்லா, பெஞ்சிலிருந்து.

அவரை யாரும் கவனிக்கவில்லை. வரலாறு நடக்கும் இடத்தில் விதவைகளை யாரும் கவனிப்பதில்லை.

வந்தவர் பெயர் கொர்ராதோ. ஊர் மிலான். தொழில், அவர் நீட்டிய அட்டையின்படி, "கரடுமுரடு அனுபவ ஆலோசகர்". நல்ல சாலையில் சைக்கிள் ஓட்டி அலுத்துப்போன மக்கள் ஐரோப்பா முழுக்கப் பெருகிவருவதாகவும், அவர்கள் எல்லோரும் இப்போது சரளைப் பாதைக்கென்றே செய்த தடித்த டயர் சைக்கிளை வாங்கிக்கொண்டு மோசமான சாலைக்கு ஏங்குவதாகவும் அவர் விளக்கினார். மோசமான சாலை குறைந்துகொண்டே வருகிறது. பொறுப்பில்லாத அரசாங்கங்கள் ஊர் ஊராகச் சாலைகளைச் செப்பனிட்டு வருகின்றன. மொன்தெகார்தோ ஒன்றுதான் இந்தச் சீரழிவுக்கு ஆளாகாமல் தப்பியிருக்கிறது.

"இதெல்லாம் நீங்க திட்டம் போட்டுப் பாதுகாத்ததுன்னு நினைச்சேன்" என்றார் கொர்ராதோ, வருத்தத்துடன்.

மேயர் ஒரு கணம்தான் யோசித்தார். தலைவர்களுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு கணம்தான்.

"திட்டம்தான் சார்" என்றார். "இருபத்திரண்டு வருஷத் திட்டம்."

தீர்மானம் அங்கேயே திருத்தப்பட்டது. 'தார் போட' என்பதை அடித்துவிட்டு 'தார் போடாமல் காக்க' என்று எழுதினார்கள். புதுத் தாள் எடுக்காமல் வேலையை முடித்ததற்காகச் செயலாளருக்குப் பாராட்டுத் தெரிவிக்கப்பட்டது. நெல்லா எழுந்து தம்பியைப் பார்த்தார்.

"டேய், அந்த மேப்பைச் சுருட்டுடா. கை வலிக்கப் போகுது."

*

பேரறிஞர்கள் பலர் சாலைகளைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார்கள். குழிகளைப் பற்றி ஆராயும் பெருமை டுயிலியோவுக்குக் கிடைத்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் அவர் 'சாலைப் பணியாளர்' என்ற பழைய பதவியிலிருந்து 'குழிப் பாதுகாவலர்' என்ற பதவிக்கு உயர்த்தப்பட்டார். சம்பளம் அதே. மண்வெட்டியும் அதே. முப்பது வருடங்களாக மண்ணைக் குழிக்குள் தள்ளிய மண்வெட்டி இப்போது குழியிலிருந்து மண்ணை வெளியே தள்ள வேண்டும். மழை பெய்தால் குழிகள் மண்ணடித்து மேடாகிவிடும் அல்லவா? அதைத் தடுக்க வேண்டும். இதுவரை வலது முழங்கையில் வலி இருந்தது. புது நிர்வாகத்தில் அது இடது முழங்கைக்கு மாற்றலாகியது.

முதல் வேலை 'இயற்கைக் குழிகள் பதிவேடு'. ஒயின் ஆலை வாசலில் தொடங்கி மேலே போகப் போக எண் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். கொர்ராதோ முன்னே நடந்தார். டுயிலியோ தடித்த நோட்டுடன் பின்னே.

"இந்தக் குழி எப்படி உருவாச்சு?"

"மழையில சார்."

"எழுதிக்குங்க. 'வானத்தின் கைவண்ணம்'. அடுத்தது?"

"அது எங்க மாமா டிராக்டர் கவுந்த எடம் சார்."

"அருமை! 'மனித உழைப்பின் முத்திரை'ன்னு போடுங்க."

"மாமாவுக்கு இடுப்பு உடைஞ்சுது சார்."

"அதையும் எழுதுங்க. கதை இருக்கிற குழிக்குத்தான் மதிப்பு. எந்தப் பக்க இடுப்பு?"

"ரெண்டு பக்கமும்."

கொர்ராதோ தொப்பியைக் கழற்றிக் குழிக்கு மரியாதை செலுத்தினார்.

மொத்தம் நாற்பத்தொரு குழிகள். அவற்றில் தலையாயது எண் பதினேழு. ஆலையிலிருந்து இரண்டரை கிலோமீட்டரில், நெல்லாவின் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே, ஓர் இறக்கத்தின் முடிவில் அது கிடந்தது. அதற்குள் இறங்கி நின்று கொர்ராதோ கண்களை மூடிக்கொண்டார். பிறகு, "இங்கே வந்தப்பதான் நான் யாருன்னு எனக்குத் தெரியுது" என்றார்.

வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த நெல்லா, "எங்களுக்கும் தெரியுது" என்றார்.

வெள்ளைத் துணிதான். ஆனால் குன்றுப்பாதையில் ஒரு வண்டி போனால் போதும், அது சாம்பல் நிறமாகிவிடும். அந்தப் புழுதியைக் கொர்ராதோ, பயணிகளுக்காகத் தாம் அச்சிட்ட சிற்றேட்டில் 'காலத்தின் மெல்லிய திரை' என்று குறிப்பிட்டிருந்தார்.

நெல்லாவின் கவலை துணியைப் பற்றியதல்ல. அவருடைய திராட்சை அறுவடை முடிந்து டிராக்டர் டிரெய்லரில் ஏறும்போது திராட்சையாகத்தான் இருக்கும். நாற்பத்தொரு குழிகளில் மேலே இருக்கும் இருபத்துநாலு அவருக்கு இல்லை, உண்மைதான். கீழே இருக்கும் பதினேழே போதும். ஒவ்வொன்றிலும் டிரெய்லர் துள்ளும். பழம் நசுங்கும். சாறு ஒழுகும். வெயிலில் நுரைக்கும். குளவிகள் ஊர்வலமாகப் பின்னால் வரும். ஆலை வாசலை அடையும்போது திராட்சை பாதி ஒயினாகியிருக்கும், அதுவும் கெட்டுப்போன ஒயினாக. தோல் வெடித்த பழத்தை ஆலை எடுக்காது. போன வருடம் எடுக்கவில்லை. அதற்கு முந்தின வருடமும் எடுக்கவில்லை. மூன்றாவது முறையும் திருப்பி அனுப்பினால் உறுப்பினர் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். இது ஆலையின் விதி. அதற்கப்புறம் நான்கு ஏக்கர் கொடியையும் பிடுங்கிப்போட்டுவிட்டு மகள் வீட்டுக்கு ஜெனோவாவுக்குப் போக வேண்டியதுதான். மருமகன் நல்லவன்தான். வாயைத் திறந்தால் மூடமாட்டான், அவ்வளவுதான்.

இந்தப் பாதையில் ஒரு வழக்கம் உண்டு. குளிர்காலம் முழுக்கத் தோட்டத்து மண்ணிலிருந்து கற்கள் மேலே வரும். அறுவடைக்கு ஒரு வாரம் முன்னால், பாதையோரத்து ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓர் ஆள், அந்தக் கற்களைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு வந்து, தன் வேலிக்கு முன்னால் இருக்கும் குழிகளை மூட வேண்டும். ஊர்வேலை நாள் என்று பெயர். சண்டைக் காலத்தில்கூட ஒரு வருடம் தவறியதில்லை. ராணுவ லாரி தோண்டும், ஊர் மூடும். ஆளில்லாத வீடுகள் பெருகியபிறகு பாதிக் குழிகள் அப்படியே கிடந்தன. மூடிய குழிகளும் முதல் மழையில் வாயைத் திறந்துவிடும். ஆனாலும் வழக்கம் வழக்கம்தான்.

இந்த ஆண்டு மேயர் ஊர்வேலை நாளைத் தடை செய்தார். காரணம்: 'மரபைப் பாதுகாத்தல்'.

தடையைக் கேள்விப்பட்டு எல்லோரும் கல்லைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டார்கள். நெல்லா மட்டும் விடவில்லை. செப்டம்பர் மூன்றாவது செவ்வாய்க்கிழமை டுயிலியோ தம் காலைச் சோதனைக்கு வந்தபோது, எண் பதினேழு இருந்த இடத்தில் தரை இருந்தது.

"அக்கா!"

"என்னடா?"

"குழி எங்கே?"

"தின்னுட்டேன்."

"வெளையாடாதக்கா. அது பதிவேட்டுல இருக்கு. நீளம், அகலம், ஆழம், குணம், எல்லாம் எழுதியாச்சு. சிற்றேட்டுல முதல் பக்கத்துல போட்டோ வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை சைக்கிள் விழா. முந்நூறு பேரு அதைப் பாக்க வர்றாங்க."

"அதே ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு ஆலையில எனக்கு நேரம் ஒதுக்கியிருக்காங்கடா. அப்புறம் பத்து நாளைக்கு நேரம் கிடையாது. திங்கக்கிழமை மழைங்கிறான் ரேடியோவுல. பழம் ஊறிப்போச்சுன்னா அதையும் தள்ளிடுவாங்க. நீ பொறந்ததுலேர்ந்து அந்தத் தோட்டத்துப் பழத்தைத்தான தின்ன?"

டுயிலியோ மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். அரசு ஊழியர் என்பவர் தாய், தந்தை, அக்கா எல்லோரையும் கடந்தவர். ஆனால் அக்காவைக் கடந்துபோக அந்தப் பாதை ஒன்றுதான் இருந்தது, அதன் நடுவில் அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"நான் எழுதித்தான் ஆகணும்க்கா."

"எழுது. பேரைத் தப்பில்லாம எழுது."

*

'குழி எண் பதினேழின் மறைவு' குறித்து மன்றம் அவசரமாகக் கூடியது. மிலானிலிருந்து கொர்ராதோ தொலைபேசி வழியாகக் கலந்துகொண்டார். செய்தி கேட்டதும் மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று செயலாளர் நினைத்தார். அது மௌன அஞ்சலி.

"குழியை என்ன செஞ்சீங்க?" என்று தொடங்கினார் மேயர்.

"மூடினேன்."

"மூட யாரு அனுமதி குடுத்தா?"

"மூடக் கூடாதுன்னு குழி ஒண்ணும் சொல்லல."

"நெல்லாம்மா, இது பொதுச் சொத்து."

"அப்ப வருஷா வருஷம் நாங்க ஏன் மூடிட்டு இருந்தோம்? என் வீட்டுக்காரரு இருந்தவரைக்கும் அவரு மூடினாரு. அப்புறம் நான் மூடறேன். அப்பல்லாம் அது எங்க சொத்துன்னுதானே சொன்னீங்க?"

மேயர் இதற்குப் பதில் சொல்லியிருப்பார். ஆனால் தொலைபேசி பேசியது.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எந்தக் கல்லைப் போட்டீங்க?"

"தோட்டத்துக் கல்லு."

"உள்ளூர்க் கல்லு" என்று குரல் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. "அப்ப மீட்டெடுக்கலாம்."

மீட்டெடுப்பு மூன்று நாள் நடந்தது. கொர்ராதோ நேரில் வந்து, சிற்றேட்டுப் புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேற்பார்வையிட்டார். டுயிலியோ தோண்டினார். பழைய ஆழத்தைத் தொட்டதும் மண்வெட்டியை வைத்தார்.

"இன்னும் ஒரு நாலு விரக்கடை" என்றார் கொர்ராதோ.

"பதிவேட்டுல இவ்வளவுதான் சார் இருக்கு."

"மீட்டெடுக்கும்போது கொஞ்சம் மேம்படுத்தறதுல தப்பில்ல. முன்னால இருந்தது சும்மா குழி. இது நினைவுச்சின்னம்."

அந்த வாரம் நெல்லா மேயரைக் காப்பிக் கடையில் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை குன்றுப்பாதையில் எந்த வண்டியும் போகக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்.

"ஒரு மணி நேரம் விடுங்க ஐயா. டிராக்டரை ஓரமா ஓட்டிட்டுப் போயிடறேன்."

"நெல்லாம்மா, விழாவை ஏன் அந்தத் தேதிக்கு வெச்சோம்? கொடியில பழம் தொங்கற நேரம்னுதானே? நீங்க பழத்தைப் பறிச்சுட்டா வர்றவங்க எதைப் போட்டோ எடுப்பாங்க? ஒரு வாரம் பொறுங்க."

"ஒரு வாரத்துல பழம் அழுகிடும் ஐயா."

"அழுகட்டும். அதுவும் இயற்கைதானே?" என்று மேயர் காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். இவ்வளவு பரந்த பார்வை உள்ளவரை இந்தச் சின்ன ஊர் எப்படித்தான் தாங்குகிறதோ!

*

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது நெல்லாவின் பழம் முழுவதும் டிரெய்லரில் இருந்தது. இரண்டு நாளாகக் கூலியாட்களுடன் பறித்து, இரவெல்லாம் ஈரச்சாக்கு போட்டுக் குளிர்ச்சியாக வைத்திருந்தார். டிராக்டரை வாசலில் நிறுத்தி, இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். போக அனுமதி இல்லை. உட்காரத் தடை இல்லை.

ஒன்பதரை மணிக்குக் குன்றின் உச்சியிலிருந்து கூட்டம் வந்தது. மிலானிலிருந்து பல் மருத்துவர்கள், ஜெர்மனியிலிருந்து வங்கி அதிகாரிகள், ஹாலந்திலிருந்து குடும்பம் குடும்பமாக உயரமானவர்கள். எல்லோர் உடம்பிலும் புழுதி. எல்லோர் முகத்திலும் துறவிகளுக்கு மட்டுமே வாய்க்கும் அமைதி. சொந்த ஊரில் வாசல் முன்னால் ஒரு குழி விழுந்தால் அன்று மாலையே புகார் எழுதுகிறவர்கள் இவர்கள். எவ்வளவு தூரம் பக்குவப்பட்டிருக்கிறார்கள் பாருங்கள்! கூட்டத்தின் நடுவே மேயரும், நான்கு மன்ற உறுப்பினர்களும் இரவல் சைக்கிளில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் கொர்ராதோ.

எண் பதினேழை நெருங்கியதும் அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பி, ஒரு கையைத் தூக்கினார்.

"நண்பர்களே, இதோ!"

அடுத்த நொடி சைக்கிள் மட்டும் தெரிந்தது, அதுவும் தலைகீழாக. நாலு விரக்கடை மேம்பாடு தன் வேலையைச் செய்துவிட்டது.

"ஐயோ! என் தோள்! யாரும் தொடாதீங்க!"

கூட்டத்திலிருந்த பல் மருத்துவர் ஒருவர் குனிந்து பார்த்தார். தோளுக்கு முன்னால் உள்ள காறை எலும்பு இரண்டாக முறிந்திருக்கிறது என்றார். தமக்கு இது சம்பந்தமில்லாத பகுதி என்றும் சொன்னார். மேயர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். மறுமுனையில் ஒரு பெண் குரல் கேட்டது.

"எந்த ரோடு?"

"குன்றுப்பாதை. பதினேழாம் நம்பர் குழி."

"அந்த ரோட்டுக்கு நாங்க வர முடியாதுங்களே."

"ஏன்மா?"

"மே மாசம் ஊராட்சியிலேர்ந்து கடிதம் வந்திருக்கு. வெளியிலேர்ந்து கனமான வண்டி வந்தா குழிகளுக்குச் சேதம், அதனால ஆம்புலன்ஸ் உள்பட எதுவும் நுழையக் கூடாதுன்னு. கீழே யாரோ அத்தீலியோன்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. நாங்க ஒயின் ஆலை வாசல்ல, தார் ரோட்டுல நிக்கிறோம். அதுவரைக்கும் கொண்டுவந்துடுங்க."

மேயர் போனை மூடினார். முந்நூறு சைக்கிள்கள் இருந்தன. படுக்கவைத்துக் கொண்டுபோக ஒன்றும் தோதில்லை. கொஞ்ச நேரம் கழித்து எல்லோருடைய பார்வையும் மெதுவாக நெல்லாவின் வாசல் பக்கம் திரும்பியது.

"அனுமதி கிடையாதுன்னீங்களே ஐயா" என்றார் நெல்லா.

"இது அவசரம் நெல்லாம்மா!"

"எனக்கும் அவசரம்தான். எழுதிக் குடுங்க."

மேயர் தம் முதுகில் குத்தியிருந்த போட்டி எண் துணியைக் கழற்றி, அதன் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். திராட்சை மேல் சாக்கு விரித்து, சாக்கு மேல் மெத்தை விரித்து, மெத்தை மேல் கொர்ராதோவைப் படுக்கவைத்தார்கள். மணி பத்து. டிராக்டர் உறுமியது. பதினேழை ஓரமாகச் சுற்றிக்கொண்டு எண் பதினாறில் இறங்கியது.

குன்று முழுவதும் எதிரொலித்த அந்த அலறலைக் கேட்டுக் கொடிகளிலிருந்து பறவைகள் கூட்டமாக எழுந்தன.

"நிறுத்துங்க! நிறுத்துங்க! இன்னும் எத்தனை குழி இருக்கு?"

டிரெய்லர் பக்கத்தில் நடந்துவந்த டுயிலியோ கடமை உணர்வோடு பதிவேட்டைத் திறந்தார். "இதையும் சேத்து பதினாறு சார். அடுத்தது எங்க மாமாவோடது."

"மூடுங்க! எல்லாத்தையும் மூடுங்க!"

"மூடறதுக்கு மன்றத் தீர்மானம் வேணுமே சார்" என்றார் டுயிலியோ. கிண்டலாகச் சொன்னாரா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவர் முகம் அப்படி.

மேயர் நான்கு உறுப்பினர்களையும் பார்த்தார். நால்வரும் அங்கேயே இருந்தார்கள். சைக்கிள் மேல் கால் ஊன்றி நின்றபடியே மன்றம் கூடியது. தீர்மானம் முன்மொழிந்து, வழிமொழிந்து, ஒருமனதாக நிறைவேறியது. இருபத்திரண்டு வருடம் முடியாத காரியம் இருபத்திரண்டு நொடியில் முடிந்தது. நிர்வாகம் மந்தமாக இயங்குகிறது என்று குறை சொல்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

முந்நூறு பேரும் சைக்கிளை வேலியோரம் சாத்தினார்கள். தோட்டங்களில் ஊர்வேலைக்கு எடுக்காமல் விட்ட கற்கள் குவியல் குவியலாகக் கிடந்தன. பல் மருத்துவர்கள் பொறுக்கினார்கள். வங்கி அதிகாரிகள் கைமாற்றினார்கள். ஹாலந்துக்காரர்கள் கொட்டினார்கள். நெல்லா டிராக்டரில் நின்றுகொண்டு விரட்டினார்.

"பெரிய கல்லு அடியில! பொடிக்கல்லு மேல! தம்பி, கண்ணாடி போட்ட தம்பி, அதைத் திருப்பி வைப்பா, தட்டைப் பக்கம் மேல வரணும். மிதிங்க! சும்மா தடவாதீங்க, மிதிங்க! மேயரய்யா, நீங்க நின்னாலே போதும், அந்தக் குழி அமுங்கிடும்!"

முந்நூறு ஜோடி சைக்கிள் ஷூக்கள் மிதித்தன. பாதையோரத்து வீடுகளிலிருந்து சனங்கள் வெளியே வந்து பார்த்தார்கள். ஒருவர் ரொட்டியும் ஆட்டுப்பால் சீஸும் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு ஜெர்மன்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இது நிகழ்ச்சி நிரலிலேயே இல்லையே, என்ன அருமையான ஏற்பாடு, அடுத்த வருடமும் உண்டா என்று டுயிலியோவிடம் விசாரித்தார்.

பதினாறு, பதினைந்து, பதினாலு என்று குழிகள் ஒவ்வொன்றாகப் பதிவேட்டிலிருந்து விடைபெற்றன. மூடிய குழிமேல் டிராக்டர் போனபோது டிரெய்லர் அசையவில்லை. கொர்ராதோ கண்ணை மூடிக்கொண்டு, "ஆஹா" என்றார். "எவ்வளவு நல்லா இருக்கு..." பிறகு தாம் சொன்னது தம் காதிலேயே விழுந்ததும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது டிராக்டர் ஆலை வாசலில் எடைமேடை மேல் ஏறியது.

ஆலையின் பரிசோதகர் இவானோ, மூக்குக் கண்ணாடிக்கு மேல் முந்நூறு பேரையும் பார்த்தார். அவருக்கு ஆச்சரியப்படும் பழக்கம் இல்லை.

"மூவாயிரத்து நூத்துப் பத்து கிலோ" என்று வாசித்தார். "இதுல மிலான் எவ்வளவு?"

"எழுபத்தெட்டு" என்றார் கொர்ராதோ, மெத்தையிலிருந்து.

"சரி, இறக்குங்க. கழிச்சுக்கறேன்."

ஆம்புலன்ஸ்காரர்கள் கொர்ராதோவை இறக்கினார்கள். இவானோ சாக்கை விலக்கினார். ஓரத்தில் கைவிட்டு அடியிலிருந்து ஒரு குலையை எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். இன்னொரு குலையை எடுத்தார். டிரெய்லரின் கீழே குனிந்து, சாறு ஒழுகுகிறதா என்று விரலால் தடவினார். விரல் உலர்ந்திருந்தது. நெல்லா டிராக்டரின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேசவில்லை. அவர் பேசாமல் நின்றதை டுயிலியோ பார்த்ததே இல்லை.

"நெல்லா, இது உங்க தோட்டத்துப் பழம்தானா?"

"ஏன், சந்தேகமா?"

"ஒரு பழம்கூட உடையலியே. வழக்கமா உங்க வண்டிக்குப் பின்னால குளவி ஊர்வலம் வரும்." இவானோ ரசீதில் முத்திரையைக் குத்தினார். "முதல் தரம். உள்ளே ஓட்டுங்க."

நெல்லா ரசீதை வாங்கி ஒருமுறை படித்தார். மடித்தார். பிரித்து மறுபடி படித்தார். பிறகு முந்தானையில் முடிந்துகொள்வதுபோல் மேலங்கிக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டு, "மாதாவே" என்றார், சின்னக் குரலில்.

கூட்டம் கை தட்டியது. எதற்கென்று பாதிப் பேருக்குத் தெரியாது.

ஆம்புலன்ஸ் தார் ரோட்டில் வழுக்கிக்கொண்டு போய் மறைந்தது. மேயர் அத்தீலியோ திரும்பிக் குன்றுப்பாதையைப் பார்த்தார். நெல்லாவின் வீடு வரைக்கும் அது வெயிலில் நீட்டிப்போட்ட வேட்டி மாதிரி, ஒரு மடிப்பில்லாமல் கிடந்தது. மேயரின் கண்கள் கலங்கின. தம் ஆட்சியில் நடந்த முதல் உருப்படியான வேலையைப் பார்த்து மனிதர் உருகிவிட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். நெல்லாவும் அப்படித்தான் நினைத்தார்.

"ரோடு எவ்வளவு நல்லா இருக்கு பாத்தீங்களா ஐயா?" என்றார்.

மேயர் தலையை ஆட்டினார். டுயிலியோவின் தோளில் கையைப் போட்டு, எடைமேடைக்குப் பின்னால் அழைத்துக்கொண்டு போனார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டுயிலியோ, அவரு தோள் கூடி எழுந்து வர ஆறு வாரம் ஆகுமாம். அதுக்குள்ள பதினாறையும் பழையபடி தோண்டிடு."